புது பாய்லரை எப்போது நம்பலாம்?

கேள்வி, 2022 அக்டோபர் 15

லூட்டனில் இருக்கிறோம். ஆகஸ்டில் பழையதைக் கழற்றிவிட்டு ஹீட்டிங்குக்கும் குழாய் வெந்நீருக்கும் ஒரே பெட்டியாக 30 கிலோவாட் காம்பி பாய்லர் போட்டோம். இதுவரை ஒரு தொந்தரவும் இல்லை. வெந்நீர் வருகிறது, சத்தம் கிடையாது. பக்கத்து வீட்டு அண்ணன், "முதல் குளிர்காலத்தைத் தாண்டிவிட்டால் பத்து வருஷத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம்" என்கிறார். அப்படி நம்பலாமா? கம்பெனி பெயரைச் சொன்னால் தேறுமா தேறாதா என்று சொல்வீர்களா?

அக்டோபர் 15, இரவு

பெயர் வேண்டாம். ஆகஸ்டில் மாட்டி அக்டோபரில் கேட்கிறீர்கள், அந்தப் பாய்லர் இன்னும் வேலைக்கே வரவில்லை. யாராவது குழாயைத் திறந்தால் வெந்நீர் கொடுத்துவிட்டு மீதி நேரம் சுவரில் சும்மா தொங்குகிறது. ஜனவரி விடியற்காலையில் வீட்டிலுள்ள எல்லா ரேடியேட்டரையும் சூடாக்கும்போது நடுவில் ஒருவர் குளிக்கப் போவார் பாருங்கள், அப்போதுதான் சேதி தெரியும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெட்டியின் மேல் எழுதியிருக்கும் பெயரைவிட அதற்குள் ஓடும் தண்ணீர், அதற்கு வந்து சேரும் கேஸ், அதை மாட்டிய கை, இந்த மூன்றையும் பார்த்தால் பாய்லரின் ஆயுளைக் கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம். எப்படிப் பார்ப்பது என்பதை ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

அக்டோபர் 16

காகிதத்திலிருந்து ஆரம்பியுங்கள். பாய்லரோடு வந்த கையேட்டின் கடைசிப் பக்கங்களில் பெஞ்ச்மார்க் என்று ஒரு படிவம் இருக்கும். ஓடவிட்டுப் பார்த்த அன்று கேஸ் எவ்வளவு போனது, உள்ளே வரும் கேஸ் பிரஷர் என்ன, பழைய குழாய்களைக் கழுவினார்களா, துரு அரிக்காமலிருக்கத் தண்ணீரில் எந்த இன்ஹிபிட்டர் ஊற்றினார்கள், புகையில் கார்பன் மோனாக்சைடு விகிதம் என்ன, எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. அது நிரப்பாமல் கிடந்தால் அளந்து பார்க்காமலே கிளம்பிவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். கையெழுத்து மட்டும் இருந்து எண்கள் இல்லை என்றாலும் அதே கதைதான்.

அப்புறம் கேஸ் சேஃப் அட்டை, அதாவது மாட்டியவரின் பதிவு அட்டை. 2009 ஏப்ரல் வரை கோர்கி என்று இருந்ததுதான் இது. எல்லோரும் முன்பக்கப் படத்தைப் பார்த்துத் தலையாட்டிவிடுகிறோம். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அவர் எந்தெந்த வேலைக்குத் தகுதி பெற்றவர் என்பது அங்கேதான் இருக்கிறது. அடுப்புக்கு மட்டும் தகுதி உள்ளவர் பாய்லரைத் தொடக் கூடாது.

வேலை முடிந்ததும் கட்டட விதிகளுக்கு உட்பட்டது என்று ஒரு சான்றிதழ் வரும். மாட்டியவர் 30 நாளுக்குள் பதிய வேண்டும். ஆகஸ்ட் வேலைக்கு இன்னும் வரவில்லை என்றால் இன்றே கேளுங்கள், வீட்டை விற்கும்போது வக்கீல் முதலில் கேட்பது அதைத்தான்.

இந்த மாதம் 1ஆம் தேதியிலிருந்து இங்கிலாந்தில் புதிதாகப் பாய்லர் மாட்டினால் கார்பன் மோனாக்சைடு அலாரமும் கட்டாயம். உங்களுடையது ஆகஸ்ட் என்பதால் வைக்காமல் போயிருக்கலாம். இதில் மிச்சம் பிடிக்காதீர்கள், நீங்களே ஒன்று வாங்கி வையுங்கள்.

அக்டோபர் 18

"காகிதம் வீட்டைச் சூடாக்காது" என்று ஒருவர் நக்கலடித்திருக்கிறார். சரி, வாளியை எடுங்கள்.

30 கிலோவாட் காம்பி என்றால் வெந்நீருக்கு 30. தண்ணீரை 35 டிகிரி ஏற்றினால் நிமிடத்துக்குச் சுமார் 12 லிட்டர் வர வேண்டும். பத்து லிட்டர் வாளியைக் குளியல் தொட்டிக் குழாயடியில் வைத்து, முழுக்கத் திறந்து, எத்தனை விநாடியில் நிறைகிறது என்று பாருங்கள். சமையல் தெர்மாமீட்டரால் முதலில் பச்சைத் தண்ணீரையும் பிறகு வெந்நீரையும் அளந்து வித்தியாசத்தை எழுதுங்கள். நிமிடத்துக்கு வரும் லிட்டரை அந்த வித்தியாசத்தால் பெருக்கி 14.3ஆல் வகுத்தால் கிலோவாட் வந்துவிடும். 27, 28 என்று வந்தால் பேசாமல் விடலாம், வாளியும் தெர்மாமீட்டரும் அவ்வளவுதான் துல்லியம். 20க்குக் கீழே வந்தால் விடக் கூடாது.

ஹாரோவில் எங்கள் வீட்டில் இது நடந்தது. 1930களில் கட்டிய வீடு, மீட்டர் முன்வாசல் அலமாரியில், பாய்லர் பின்கட்டுச் சமையலறையில். புதுசு மாட்டியதிலிருந்து வெந்நீர் குளிரும் வெதுவெதுப்புமாக மாறி மாறி வந்தது. மாட்டியவரைக் கேட்டால், "குளிர்காலம், வெளித் தண்ணீரே ஐஸாக வருகிறது, எந்தப் பாய்லரும் இப்படித்தான்" என்றார். பிறகு மீட்டரைப் பார்த்தேன். அடுப்பை அணைத்து, ஹீட்டிங்கை நிறுத்தி, வெந்நீரை மட்டும் முழுக்கத் திறந்துவிட்டு இரண்டு நிமிடம். ஒரு கன மீட்டர் கேஸ் ஏறக்குறைய 11 கிலோவாட் மணி. இந்த அளவுப் பாய்லர் முழு மூச்சில் எரிந்தால் மணிக்கு 3 கன மீட்டர் போகும், ஆக இரண்டு நிமிடத்தில் மீட்டரில் 0.1 நகர வேண்டும். எங்களுடையதில் 0.07 கூடத் தேறவில்லை.

காரணம் தரைப்பலகைக்கு அடியில் இருந்தது. பழைய பாய்லருக்குப் போட்ட 15 மில்லிமீட்டர் கேஸ் குழாயை அப்படியே புதுசுக்கும் இணைத்திருந்தார்கள். மீட்டரை விட்டுக் கிளம்பும்போது 21 மில்லிபார், இந்தக் கோடிக்கு வருவதற்குள் பிரஷர் தேய்ந்துவிடுகிறது. எண்ணைக் காட்டியதும் அவர் பேச்சு மாறியது, வந்து 22 மில்லிமீட்டர் குழாய் இழுத்துக் கொடுத்தார். பாய்லரில் ஒரு திருகைக்கூடத் தொடவில்லை. அதற்கு முன்னாடியே விமர்சனம் எழுதியிருந்தால் அந்தக் கம்பெனியை நார்நாராகக் கிழித்திருப்பேன்.

அக்டோபர் 19

பழைய மீட்டர்களில் கன அடி ஓடும் என்று நினைவூட்டியிருக்கிறார்கள், ஆமாம். அவர்களுக்கு மணிக்கு 106 கன அடி, இரண்டு நிமிடத்துக்கு மூன்றரை. 2022 அக்டோபரில் கேஸ் யூனிட் 10.3 பென்ஸ் விற்றது, ஆகவே வெந்நீரைத் திறந்துவிட்டு மீட்டர் முன்னால் சம்மணம் போட்டு உட்காராதீர்கள்.

அக்டோபர் 30

லூட்டன் நண்பர் வாளிக் கணக்கு 28 வந்ததாகச் சொல்கிறார், நல்லது. ஆனால் ஹீட்டிங் குழாய்களில் ஓடும் தண்ணீரின் பிரஷர் இறங்குகிறதாம். ஆகஸ்டில் 1.5 பார், இப்போது 1. இது கொஞ்சம் நீளமாகப் பேச வேண்டிய விஷயம்.

குளிர்ந்திருக்கும்போது 1க்கும் 1.5க்கும் நடுவில், சூடேறினால் 2 வரை, இது சரியான நிலை. புதுசில் கொஞ்சம் இறங்குவதும் இயல்பு. நிரப்பிய தண்ணீரில் கலந்திருந்த காற்று சூடேறச் சூடேறப் பிரிந்து வெளியேறும், ரேடியேட்டரில் காற்றை எடுத்துவிட்டாலும் பிரஷர் முள் இறங்கும். ஒரு முறை நிரப்பி, மறுபடியும் ஒரு முறை நிரப்பி, அதோடு நின்றுவிட்டால் மறந்துவிடலாம். நிற்காமல் வாரா வாரம் தண்ணீர் நிரப்பும் ஃபில்லிங் லூப்பைத் திருகுகிறீர்கள் என்றால் பாய்லரை நீங்களே கொஞ்சம் கொஞ்சமாகக் கொல்கிறீர்கள். ஒவ்வொரு முறையும் புதுத் தண்ணீரோடு ஆக்சிஜன் உள்ளே போகிறது. அது இரும்பு ரேடியேட்டரை உள்ளுக்குள் அரித்துக் கருஞ்சேறு ஆக்குகிறது. ஊற்றிய இன்ஹிபிட்டரும் நீர்த்துப்போகிறது. அந்தச் சேறு போய் உட்காரும் இடம் பம்ப், வால்வு, தண்ணீரைச் சூடாக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சர். எட்டாவது வருஷம் "போர்டு போச்சு, பம்ப் போச்சு" என்று வருகிற கதைகளில் நிறைய இந்த ஃபில்லிங் லூப்பில்தான் தொடங்கியிருக்கும்.

எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க இரண்டு வழி. வெளிச்சுவரில் பாய்லரிலிருந்து ஒரு செப்புக் குழாய் மடங்கிச் சுவரைப் பார்த்து நிற்கும், அது 3 பாரில் திறக்கும் பாதுகாப்பு வால்வின் வாய். அதில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பையைக் கட்டிவிட்டு மறுநாள் பாருங்கள். பையில் தண்ணீர் இருந்தால் ஒன்று அந்த வால்வில் தூசி மாட்டி மூடவில்லை, இல்லையென்றால் சூட்டில் விரியும் தண்ணீருக்கு இடம் கொடுக்கும் எக்ஸ்பான்ஷன் வெசலில் காற்று இல்லை. குளிரில் 1ஆக இருக்கும் முள் சூடானதும் 3ஐத் தொட்டால் வெசல்தான். பை காய்ந்திருந்தால், இரவில் ஹீட்டிங்கை அணைத்து, பாய்லர் ஆறிய பிறகு அதன் அடியில் போகும் இரண்டு ஹீட்டிங் குழாய்களின் வால்வையும் மூடுங்கள். காலையில் எழுந்ததும், வேறெதையும் தொடும் முன்னால், முள் இறங்கியிருந்தால் கசிவு பாய்லருக்குள். இறங்கவில்லை என்றால் வீட்டுக் குழாய்களில் எங்கோ. ஹீட்டிங் போடும் முன்னால் வால்வுகளைத் திறக்க மறக்காதீர்கள்.

எங்கள் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது தினமும் காப்பி குடித்ததும் முள்ளைப் பார்த்துக் காலண்டரில் எழுதிவைப்பார். மாட்டியவர் வந்த அன்று அந்தக் காலண்டரை நீட்டினேன், மனுஷன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை.

நவம்பர் 6

மறுபடியும் எந்தப் பிராண்ட் என்ற சண்டை. லெஸ்டர் மாமா ஒன்று சொல்கிறார், ஈஸ்ட்ஹாம் சித்தப்பா அதே பெயரைத் திட்டுகிறார். இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள்.

பல கம்பெனிகளின் பாய்லரைத் திறந்தால் உள்ளே அதே சில பெயர்கள் வரும். பம்ப் கிரண்ட்ஃபாஸ் அல்லது வீலோ, கேஸ் வால்வு ஹனிவெல் அல்லது சிட், விசிறி ஈபிஎம்-பாப்ஸ்ட். வித்தியாசமே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஹீட் எக்ஸ்சேஞ்சர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா அலுமினியமா, எரியும் அளவை எவ்வளவு தூரம் குறைக்க முடியும், உதிரிப் பாகம் சுலபமாகக் கிடைக்குமா, இதிலெல்லாம் வித்தியாசம் உண்டு. விச் என்ற நுகர்வோர் அமைப்பு உரிமையாளர்களிடம் கேட்டு வெளியிடும் பட்டியலைப் பாருங்கள், தப்பில்லை, ஆனால் அது ஏற்கெனவே விற்றுப் பல வருஷம் ஓடியவற்றின் கதை. இணையத்தில் வரும் ஐந்து நட்சத்திரத்தை மட்டும் விட்டுவிடுங்கள். மாட்டிய அன்று மாலை எழுதியது அது, வேலை செய்தவர் தரையைத் துடைத்துவிட்டுப் போனார் என்பதற்குக் கொடுத்த மார்க்.

நீளமான வாரண்டி என்றால் நல்ல பாய்லர் என்று ஒரு கணக்கு ஓடுகிறது. ஒரே பாய்லருக்கு, கம்பெனியின் அங்கீகாரம் உள்ளவர் மாட்டினால் பத்து வருஷம், மற்றவர் மாட்டினால் ஐந்து என்று கொடுப்பார்கள். பெட்டி ஒன்றுதான். அப்புறம் பொடி எழுத்து: வருஷா வருஷம் சர்வீஸ் பதிவு வேண்டும், சேற்றாலும் சுண்ணாம்பாலும் வந்த கோளாறு சேராது. எது அடிக்கடி வருமோ அதைக் கழித்துவிட்டுத்தான் பத்து வருஷம் தருகிறார்கள்.

டிசம்பர் 12

லண்டனில் நேற்று இரவு பனி. காலையிலிருந்து எனக்கு வரும் போன் எல்லாம் ஒரே கேள்வி. "பாய்லர் கொடகொடவென்று சத்தம் போட்டுவிட்டு நின்றுவிட்டது, புதுசு, இப்படி ஏமாற்றிவிட்டார்களே." பாய்லரைத் திட்டும் முன் வெளியே போய்ப் பாருங்கள். சமையலறைச் சுவரிலிருந்து வெள்ளை அல்லது கறுப்புப் பிளாஸ்டிக் குழாய் வந்து சாக்கடையில் இறங்குகிறதா? இங்கிலாந்தில் 2005க்குப் பிறகு மாட்டும் கேஸ் பாய்லர் எல்லாம், சில விதிவிலக்கு போக, கண்டென்சிங் வகை. புகையில் உள்ள நீராவி குளிர்ந்து தண்ணீராகி அந்த வழியாகத்தான் சொட்டுகிறது. குழாய் உறைந்தால் தண்ணீர் பாய்லருக்குள் திரும்பி ஏறும், உடனே அது தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். 2010 டிசம்பரிலும் 2018இல் சைபீரியக் குளிர் வந்தபோதும் நாடு முழுக்க இதே கூத்துதான்.

வெந்நீர்ப் பை வைத்துக் கட்டுங்கள், அல்லது சுடவைத்த தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். கொதிநீர் வேண்டாம், குழாய் வெடிக்கும், நடைபாதையில் வழிந்தது உறைந்து ஆளும் விழுவார். உருகியதும் ரீசெட் பொத்தானை அழுத்துங்கள். வசந்தம் வந்ததும் மாட்டியவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள்: வெளியே போகும் குழாய் ஏன் 32 மில்லிமீட்டர் இல்லை, ஏன் மேலே உறை இல்லை, ஏன் சரிவு இல்லை. முடிந்தால் வீட்டுக்குள்ளேயே தொட்டிக் கழிவுக் குழாயில் சேர்த்துவிடச் சொல்லுங்கள். இந்த ஒரு குழாயைப் பார்த்தாலே மாட்டியவர் எப்படிப்பட்டவர் என்று எனக்குப் புரிந்துவிடும்.

டிசம்பர் 18

அரசாங்கம் 2022 டிசம்பரில் ஆரம்பித்த பிரசாரத்தில் ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரை 75 டிகிரியிலிருந்து 60க்கு இறக்கச் சொன்னார்கள், அப்போதைய விலையில் வருஷத்துக்கு நூறு பவுண்ட் மிஞ்சும் என்று. விஷயம் சரி. திரும்பி வரும் தண்ணீர் 55க்குக் கீழே இருந்தால்தான் நீராவி தண்ணீராகி அந்த வெப்பம் நமக்குக் கிடைக்கும். பெட்டியில் ரேடியேட்டர் படம் போட்ட திருகை மட்டும் குறையுங்கள், குழாய் படம் போட்டது வெந்நீருக்கு. தனியாக வெந்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் 65க்குக் கீழே போகாதீர்கள், தொட்டித் தண்ணீர் போதுமான சூடு ஏறாவிட்டால் லீஜனெல்லா கிருமி வளரும். 60க்கு இறக்குவது காம்பிக்காரர்களுக்கான பேச்சு.

டிசம்பர் 27

விடுமுறை, வெளியே மழை, மெனுவைக் குடைந்துகொண்டிருந்தேன். நிறையப் பாய்லர்களில் ஒளிந்திருக்கும் இரண்டு எண்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை: மொத்தம் எத்தனை மணி நேரம் எரிந்தது, எத்தனை முறை பற்றவைத்தது. எப்படிப் பார்ப்பது என்பது கையேட்டில் இருக்கும். காரில் ஓடிய தூரத்தைப் பார்க்காமல் யாரும் வாங்குவதில்லை, இதில் மட்டும் பளபளப்பைப் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறோம்.

பற்றவைக்கும் ஒவ்வொரு முறையும் விசிறி வேகமெடுக்கிறது, வால்வு திறக்கிறது, பொறி தட்டுகிறது, உலோகம் விரிந்து சுருங்குகிறது. தேய்மானம் அங்கேதான். எரிந்த ஒரு மணி நேரத்துக்கு இரண்டு மூன்று முறை என்றால் நிம்மதியாக இருங்கள், ஆறு ஏழு என்றால் ஏதோ ஒவ்வாமல் ஓடுகிறது. இது அனுபவத்தில் வைத்திருக்கும் கணக்கு, விதிப் புத்தகத்தில் தேடாதீர்கள்.

ஏன் அப்படி ஆகிறது? 30 கிலோவாட் தேவைப்படுவது வெந்நீருக்கு. வெளியே 10 டிகிரி இருக்கும் நாளில் ஒரு வரிசை வீட்டுக்கு 2, 3 கிலோவாட் சூடு போதும். பாய்லரால் 6க்குக் கீழே எரிய முடியாது என்றால் எரியும், அளவு தாண்டும், அணையும், மறுபடி எரியும், நாள் பூராவும் இதே வேலை. பத்தில் ஒரு பங்கு வரை இறங்கும் பாய்லர் 3இல் நிதானமாக எரிந்துகொண்டிருக்கும். ஆகவே வாங்கும்போது மேல் எண்ணை விட்டுவிட்டுக் கீழ் எண்ணைக் கேளுங்கள்.

2023 பிப்ரவரி 5

டிசம்பரில் சொன்ன விகிதத்தைப் பற்றி யோசித்தேன், அப்படியே எல்லோருக்கும் பொருத்தக் கூடாது. காம்பியில் கைகழுவக் குழாயைத் திறந்தால்கூட ஒரு முறை பற்றவைக்கும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் எண் எகிறிவிடும். சில பாய்லர்கள் ஹீட்டிங்குக்கும் வெந்நீருக்கும் தனித்தனியாக எண்ணும், அங்கே ஹீட்டிங் எண்ணை மட்டும் எடுங்கள். பிரிக்காத பாய்லர் என்றால் ஒரே வாரத்தின் ஆரம்பத்தையும் முடிவையும் எழுதி, அதிலும் நல்ல குளிர் வாரமாகப் பார்த்து, கழித்துப் பாருங்கள்.

இன்னொன்று, 60க்கு இறக்கியதும் எங்கள் பாய்லர் அடிக்கடி அணைய ஆரம்பித்தது. சூடு குறைந்தால் ரேடியேட்டர் இழுக்கும் வெப்பமும் குறையும், பாய்லர் அதற்கு மேல் இறங்க முடியாமல் அணைகிறது. மிச்சமும் வேண்டும், தேய்மானமும் கூடாது என்றால் ரேடியேட்டர்களைத் திறந்துவிட வேண்டும். ஆள் இல்லாத அறை என்று பாதியை மூடி வைத்திருந்தோம். திறந்துவிட்டதும் அடங்கியது. ஹீட்டிங்குக்கு எரியும் அதிகபட்ச அளவையும் மெனுவில் குறைத்து வைக்கலாம், சர்வீஸுக்கு வருபவரிடம் சொல்லுங்கள். முன் மூடியை மட்டும் நீங்கள் கழற்றாதீர்கள்.

ஏப்ரல் 10

லூட்டன் நண்பர் முதல் குளிர்காலத்தைத் தாண்டிவிட்டார். பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னது நடந்துவிட்டதா என்கிறார். பாதி. இயந்திரங்கள் கெடும் விதத்தைப் படம் போட்டால் குளியல் தொட்டியின் குறுக்குவெட்டு வரும் என்பார்கள்: ஆரம்பத்தில் உயரம், நடுவில் தாழ்வு, கடைசியில் மறுபடி ஏற்றம். தொழிற்சாலைக் குறையும் மாட்டும்போது விட்ட குறையும் முதல் வருஷத்தில் தலைகாட்டும். அதைத் தாண்டிவிட்டீர்கள், சந்தோஷம். தொட்டியின் அடுத்த சுவர் ஆறாம் வருஷத்தில் நிற்கிறதா பதினைந்தில் நிற்கிறதா என்பதை இந்தக் குளிர்காலம் சொல்லாது. லூட்டன் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர், கெட்டிலைத் திறந்து பார்த்தாலே தெரியும். காம்பியில் குழாய்த் தண்ணீரைச் சூடாக்கும் தட்டு அடைபடுவதற்கு அதுதான் காரணம். லாக் கேட்ரின் ஏரியின் சுண்ணாம்பில்லாத தண்ணீர் குடிக்கும் கிளாஸ்கோக்காரருக்கு அதே பாய்லரில் அந்தக் கவலையே கிடையாது. வெந்நீரை 60க்கு மேல் வைக்காதீர்கள், சுண்ணாம்பு படிவது குறையும்.

செப்டம்பர் 3

சர்வீஸ் மாதம். வந்தவர் பாய்லரைத் துடைத்துவிட்டு ஸ்டிக்கர் ஒட்டிப் பத்து நிமிடத்தில் போனால் அது சர்வீஸ் இல்லை. புகையை அளந்து எண்களைக் கொடுக்க வேண்டும், வெசலில் காற்றைப் பார்க்க வேண்டும், புகையிலிருந்து வடியும் தண்ணீர் தேங்கும் கண்டென்சேட் பொறியைக் கழுவ வேண்டும், சேற்றைப் பிடிக்கும் காந்த ஃபில்டரைத் திறந்து உங்கள் கண்ணில் காட்ட வேண்டும். எங்கள் வீட்டில் முதல் முறை திறந்தபோது காந்தக் குச்சியில் ஷூ பாலிஷ் பதத்தில் கறுப்பாக ஒரு விரல் தடிமனுக்கு அப்பியிருந்தது. அடுத்த முறை மெல்லிய படலம்தான். எனக்கு நம்பிக்கை வந்தது அதைப் பார்த்துத்தான். இரண்டாவது முறையும் விரல் தடிமன் என்றால் எங்கேயோ காற்று உள்ளே போகிறது, அக்டோபர் 30இல் எழுதியதைத் திரும்பப் படியுங்கள்.

செப்டம்பர் 21

லூட்டன் நண்பருக்கு இப்போது ஒரு சின்ன சந்தேகம்: கோடை முழுக்க ஹீட்டிங் அணைத்திருந்தும், குளிக்கும்போது மாடியில் ஒரு ரேடியேட்டர் வெதுவெதுப்பாகிறதாம். நல்ல கவனிப்பு. சூட்டை ரேடியேட்டருக்கோ வெந்நீருக்கோ திருப்பிவிடும் டைவர்ட்டர் வால்வு முழுக்க மூடாமல் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறது என்று தோன்றுகிறது. இப்போது தொல்லை தெரியாது, ஜனவரியில் வெந்நீர் பத்தாமல் போகும். வாரண்டியில்தான் இருக்கிறீர்கள், இந்த வாரமே கூப்பிடுங்கள். அக்டோபர் பிறந்துவிட்டால் எல்லோரும் ஒரே நேரத்தில் ஹீட்டிங்கைப் போட்டுப் பார்த்துவிட்டு வரிசையில் நிற்பார்கள், உங்களுக்குத் தேதி கிடைக்க நவம்பர் ஆகிவிடும். ஆகஸ்டில் செய்ய வேண்டிய சர்வீஸ் பதிவாகியிருக்கிறதா என்று போன் எடுக்கும் முன்னால் பார்த்துவிடுங்கள், அவர்கள் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.